பகலில் தூங்கினால் குற்றமா?

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றில் ஏழு வருடமாக ஐசியூ நர்ஸாக இருக்கிறேன். ராத்திரி எட்டு மணிக்குப் போனால் காலை எட்டுக்குத்தான் விடுவார்கள். ஆள் இல்லை என்று வென்டிலேட்டரில் இருக்கும் மூன்று பேஷண்டை என் ஒருத்தி தலையில் கட்டுகிறார்கள். வீட்டுக்கு வந்து படுத்தால், "பகல்ல என்ன தூக்கம்?" என்கிறார் மாமியார். பதினோரு மாதக் குழந்தை இருக்கிறது. கணவரோ, "பதினாறாயிரம் சம்பளத்துக்கு இந்தப் பாடு தேவையா, விட்டுடு" என்கிறார். ராஜினாமா கடிதத்தை எழுதிக் கைப்பையில் வைத்திருக்கிறேன். கொடுத்துவிடட்டுமா?
- பெயர் வேண்டாம், மதுரை

பதில்: இப்போதைக்கு அது பையிலேயே இருக்கட்டும்மா. நைட் முடிந்து வருகிற காலையில் மட்டும் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

என் மூத்தவள் ஐந்து மாதக் குழந்தையாக இருந்தபோது எனக்கும் தொடர்ந்து நைட் போட்டார்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பால் கட்டி நெஞ்சு கல்லாகிவிடும். யூனிஃபார்ம் நனையாமலிருக்க உள்ளே பஞ்சை வைத்துக்கொண்டு, டிரெஸ்ஸிங் ரூம் வாஷ்பேசினில் பாலைப் பீய்ச்சிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அடுத்த ஊசிக்கு ஓடுவேன். அந்த வாஷ்பேசின் முன்னால் நின்று மனசுக்குள் எத்தனை முறை வேலையை விட்டிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அதனால் முதலில் ஒன்று. உங்களுக்குத் தெம்பு போதவில்லை என்று நினைக்காதீர்கள். ஐசியூவில் ஒரு பேஷண்டுக்கு ஒரு நர்ஸ் என்பதுதான் இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவு. நீங்கள் மூன்று பேர் வேலையைச் செய்கிறீர்கள். எந்தத் தேதியில் எத்தனை பேஷண்ட் என்று குறித்துவைத்து, நர்சிங் சூப்பரிண்டெண்டெண்டிடம் எழுத்தில் கொடுங்கள், நகல் உங்களிடம் இருக்கட்டும். கொஞ்ச காலத்துக்கு டயாலிசிஸ், ஓபி மாதிரி நைட் குறைவான இடம் கேளுங்கள். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளில் நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று 2017-ல் மகப்பேறு நலச் சட்டத்தைத் திருத்தினார்கள். தனியாகப் போய்க் கேட்காமல், கைக்குழந்தை உள்ள மற்ற சிஸ்டர்களையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள்.

சம்பளம் குறைவு என்பதில் உங்கள் கணவர் சொல்வது சரி. 2016-ல் உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு, ஐம்பது படுக்கைகூட இல்லாத மருத்துவமனையிலும் நர்ஸுக்கு 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அது உங்கள் கைக்கு வரவில்லையே என்று எனக்கும் ஆத்திரமாகத்தான் இருக்கிறது, ஆனால் அதற்காக நீங்கள் செய்கிற வேலை மட்டமாகிவிடாது. அவரிடம் டியூட்டி ரோஸ்டரைக் காட்டி, நைட் முடிந்த நாளில் காலை ஒன்பதிலிருந்து மூன்று வரை குழந்தை யாரிடம், சமையல் யார் என்று கேளுங்கள். அவருடைய அம்மாவிடம் அவரே பேசட்டும், நீங்கள் சொன்னால் எதிர்த்துப் பேசுவதாகத்தான் காதில் விழும். அந்த அம்மாவும் ராத்திரியெல்லாம் குழந்தையோடு விழித்திருந்தவர்தானே, அவருக்கும் இடுப்பு வலிக்கும். பகலில் சில மணி நேரம் உதவிக்கு ஆள் வைக்க முடியுமா என்று பாருங்கள்.

மூன்று மாதம் பாருங்கள். எதுவும் மாறவில்லையென்றால் தாராளமாக விடுங்கள், தப்பே இல்லை. அப்புறம், மாநில நர்சிங் கவுன்சிலில் நர்ஸாக நீங்கள் செய்திருக்கும் பதிவைக் காலாவதியாக விடாதீர்கள். சேரும்போது அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்திருந்தார்கள் என்றால் கடிதம் கொடுப்பதற்கு முன்பே திரும்பக் கேளுங்கள், ஏழு வருட அனுபவச் சான்றிதழையும் கையில் வாங்கிக்கொண்டே கிளம்புங்கள்.