38,000 கிலோமீட்டர் ஓடிய 2012 பிஎம்டபிள்யூ: எட்டரை லட்சம் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. ராணிப்பேட்டையில் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் சிறிய ஜாப் ஒர்க் யூனிட் நடத்துகிறேன். யூனிட் செலவு போக மாதம் சுமார் 1.2 லட்சம் வீட்டுக்கு வரும். வீட்டுக் கடன் தவணை உட்பட மாதம் 80,000 செலவாகிறது. கடன் பாக்கி 14 லட்சம், வட்டி 9 சதவீதம். பேங்கில் 2 லட்சம் எஃப்டி இருக்கிறது. அடுத்த மாதம் சீட்டு முடிந்து 10 லட்சம் கைக்கு வரும். வேலூரில் தெரிந்த டாக்டர் ஒருவர், 2012 ஆகஸ்டில் வாங்கிய தன் பிஎம்டபிள்யூ 520டி டீசல் காரை எட்டரை லட்சத்துக்குத் தருகிறேன் என்கிறார். ஒரே ஓனர், 38,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. சத்துவாச்சாரி வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய்வர மட்டுமே எடுத்திருக்கிறார். சர்வீஸ் சென்னையில். இப்படி ஒரு வண்டி ஓட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. கையில் உள்ள 2017 டிசையரைக் கொடுத்துவிட்டு இதை வாங்கலாமா? யூனிட் பெயரில் வாங்கினால் வரி மிச்சமாகுமா? 15 வருஷம் முடிந்ததும் உடைக்கச் சொல்வார்களா? மனைவி, பணத்தை வீட்டுக் கடனில் கட்டச் சொல்கிறார்.
- வாசகர், ராணிப்பேட்டை

பதில்: ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். இருபது வருஷம் தோல் தூசியிலும் மெஷின் சத்தத்திலும் உழைத்தவர் நல்ல வண்டியில் உட்கார நினைப்பதில் தப்பே இல்லை. கணக்கிலும் உங்கள் பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. புதிதாக இருந்தபோது நாற்பது லட்சத்தை ஒட்டி விற்ற வண்டி இது. விலை இறங்கியதில் பெரும்பகுதியை டாக்டர் சுமந்துவிட்டார். நீங்கள் புதிதாகப் பதினெட்டு லட்சத்துக்கு ஒரு எஸ்யூவி எடுத்தால் முதல் இரண்டு மூன்று வருஷத்தில் இழக்கும் தொகையை இதில் இழக்க மாட்டீர்கள்.

ஆனால் வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது, அதன் ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்கவில்லை. ஹெட்லைட், இன்ஜெக்டர், கியர்பாக்ஸ் ஆயில் எல்லாம் இன்றைக்கும் நாற்பது லட்ச ரூபாய் வண்டியின் விலையில்தான் வரும். எட்டரை லட்சத்தை டிசையர் விலையோடு ஒப்பிட்டு முடிவெடுப்பவர்கள் மாட்டிக்கொள்வது இந்த இடத்தில்தான்.

அடுத்து அந்த 38,000. பதின்மூன்று வருஷத்துக்குப் பங்கிட்டால் நாளைக்கு எட்டு கிலோமீட்டர். காலையில் நாலு, மாலையில் நாலு. டீசல் இன்ஜின் சரியாகச் சூடாவதற்குள் வண்டி நின்றுவிடும். அப்படி ஓடும் இன்ஜினில் ஆயில் சீக்கிரம் கெடும், புகையில் ஒரு பகுதியை இன்ஜினுக்கே திருப்பி அனுப்பும் இஜிஆர் வால்விலும், காற்று உள்ளே போகும் இன்டேக் பாதையிலும் கரி படியும். சென்னை நெடுஞ்சாலையில் ஒழுங்காக ஓடிய 80,000 கிலோமீட்டர் வண்டிக்கு இந்தத் தொல்லை குறைவு. ரப்பருக்குக் கிலோமீட்டர் கணக்கே கிடையாது, வருஷக் கணக்குதான். புஷ், ஹோஸ், ஆயில் சீல், எல்லாம் வேலூர் வெயிலில் நின்றபடியே இறுகி வெடிக்கும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றிருந்தால் 2017ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்தது என்று பொருள். பட்டன் தேயாமல் பளபளவென்று இருந்தாலும் அந்த டயரில் 120 வேகத்தில் வாலாஜா தாண்டக் கூடாது. இந்த வண்டிக்கு ரன்ஃப்ளாட் டயர், அதாவது பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடக்கூடியது. நான்கும் மாற்ற எண்பதாயிரம் முதல் ஒரு லட்சம் வரை ஒதுக்குங்கள்.

பெரிய பயம் வேறொன்று. அந்தக் கால 520டியில் இருப்பது என்47 என்ற டீசல் இன்ஜின். பிஸ்டனையும் வால்வையும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் செயின் இதில் பின்பக்கம், கியர்பாக்ஸை ஒட்டி இருக்கிறது. மாற்ற வேண்டுமென்றால் இன்ஜினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும், கூலியே கண்ணைக் கட்டும். மாற்றாமல் விட்டுச் செயின் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி இன்ஜினே போய்விடும். எல்லா வண்டிக்கும் இப்படி ஆகும் என்று சொல்லவில்லை. ஆயில் நேரத்துக்கு மாற்றாத வண்டிக்கு ஆபத்து அதிகம். குறைவாக ஓட்டுபவர்கள் ‘இன்னும் கிலோமீட்டர் வரவில்லையே’ என்று ஆயில் மாற்றத்தைத் தள்ளிப்போடுவார்கள். அதனால் டாக்டரிடம் நீங்கள் கேட்க வேண்டிய முதல் காகிதம் சர்வீஸ் பில்கள். வருஷத்துக்கு ஒரு பில்லாவது இருக்கிறதா, ஒவ்வொன்றிலும் கிலோமீட்டர் சீராக ஏறுகிறதா என்று பாருங்கள்.

பார்க்கப் போகும் நாளன்று காலை ஏழு மணிக்கே போங்கள். வண்டியை நீங்கள் வரும்வரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சில்லென்று இருக்க வேண்டும். இன்னொருவரை ஸ்டார்ட் பண்ணச் சொல்லிவிட்டு நீங்கள் முன் சக்கரத்துக்குப் பின்னால், இன்ஜினும் கேபினும் சேரும் இடத்தருகே காது கொடுங்கள். உலோகம் உரசுவது போன்ற கரகரப்பு வந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். வராவிட்டாலும் சென்னையில் இந்தக் கம்பெனி வண்டிகளையே பார்க்கும் ஒர்க்ஷாப்பில் லிஃப்டில் ஏற்றி, கம்ப்யூட்டரில் ஸ்கேன் செய்து பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். அந்தச் செலவு உங்களுடையதாகவே இருக்கட்டும்.

இன்சூரன்ஸைப் பலரும் கவனிப்பதில்லை. பாலிசியில் வண்டிக்குப் போடும் மதிப்புக்கு ஐடிவி என்று பெயர். ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்கு அது நீங்களும் கம்பெனியும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகை. நீங்கள் எட்டரை லட்சம் கொடுத்து, பாலிசியில் ஐந்து லட்சம் போட்டிருந்தால் திருட்டுப் போனால் கிடைப்பது ஐந்துதான். தேய்மானம் கழிக்காமல் பாகத்தின் விலையைத் தரும் ஜீரோ டெப் பாலிசி இந்த வயது வண்டிக்குக் கிடைப்பது அரிது. சாதாரண பாலிசியில் பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதியைக் கழிப்பார்கள். பத்து வருஷம் தாண்டியதால் உலோகப் பாகத்துக்கும் பாதி கழிவு. மீதி உங்கள் கையிலிருந்து. ரிப்பேர் மதிப்பு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டியை மொத்த நஷ்டம் என்று முடித்துவிடுவார்கள். ஸ்பேர் விலை இப்படி இருக்கும்போது, பள்ளிகொண்டா டோல் வரிசையில் முன்னால் நிற்கும் லாரியில் ஒருமுறை மோதி ஏர்பேக் விரிந்தாலே அந்த வரம்பைத் தொட்டுவிடும். 1500 சிசிக்கு மேற்பட்ட வண்டி என்பதால் தேர்டு பார்ட்டி பிரீமியம் மட்டும் 7,897 ரூபாய், ஜிஎஸ்டி தனி.

15 வருஷக் கேள்விக்குச் சுருக்கமாகவே பதில் சொல்லலாம். உடைக்கச் சொல்ல மாட்டார்கள். 2027 ஆகஸ்டில் ஆர்சி காலம் முடியும். ஃபிட்னஸ் சோதனையில் தேறினால் ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். கட்டணம் 5,000 ரூபாய், அப்புறம் பசுமை வரி. பத்து வருஷம் தாண்டிய டீசல் வண்டிக்கு வந்த கெடுபிடி டெல்லி வட்டாரத்தோடு சரி. ஆனால் ஆர்சி முடியும் தேதி நெருங்க நெருங்க வாங்குபவர்கள் தயங்குவார்கள். அதை விலை பேசும்போது டாக்டரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

யூனிட் பெயரில் வாங்கினால் 15 சதவீதம் தேய்மானம் காட்டலாம், சொந்த உபயோகத்துக்கான பங்கு கழியும். காருக்கு ஜிஎஸ்டி இன்புட் கிரெடிட், அதாவது வாங்கும்போது கட்டிய ஜிஎஸ்டியைக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது. நீங்கள் 44ஏடியில், அதாவது விற்றுவரவில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டிக் கணக்குத் தாக்கல் செய்பவராக இருந்தால் தேய்மானத்தைத் தனியாகக் கழிக்கவே முடியாது. வரிக்காக இந்த வண்டி வாங்க வேண்டாம்.

சரி, பணத்துக்கு வருவோம். உங்கள் மனைவி சொல்வதை அலட்சியப்படுத்தாதீர்கள். எட்டரை லட்சத்தை 9 சதவீதக் கடனில் கட்டினால் முதல் வருஷமே 76,500 ரூபாய் வட்டி மிச்சம். இந்த வண்டிக்கோ முதல் வருஷம் டயர், பேட்டரி, எல்லா ஆயில், ரப்பர் சாமான் என்று இரண்டு லட்சம் போகும். பிறகும் வருஷத்துக்கு ஒரு லட்சமாவது பராமரிப்பு. வருஷம் 10,000 கிலோமீட்டர் ஓட்டினால் டீசல் 75,000 ரூபாய்க்குப் பக்கம். தோல் தொழிலில் ஆர்டர் நின்றால் முதலில் அடிபடுவது உங்களைப் போன்ற ஜாப் ஒர்க்காரர்கள்தான். அப்படி நாலு மாதம் இழுத்தால் இரண்டு லட்சம் எஃப்டி எந்த மூலைக்கு?

அதனால் என் பதில் இது. எட்டரை லட்சத்துக்கு வேண்டாம். சோதனையில் தேறி, ஆறரை லட்சத்துக்கு வந்தால் வாங்குங்கள், கடன் ஒரு பைசாகூட வாங்காமல். சீட்டுப் பணத்தில் மீதி மூன்றரை லட்சம் இருக்கும். அதில் இரண்டரையை வண்டிக்கென்று தனி எஃப்டியாகப் போடுங்கள், ஒரு லட்சத்தைப் பழைய எஃப்டியோடு சேருங்கள். மாதம் மிஞ்சும் 40,000 ஐந்து மாதம் அங்கேயே போகட்டும். ஆறு மாதக் குடும்பச் செலவு கையில் இருக்கும். அதற்குப் பிறகு மிஞ்சுவதில் பாதி வீட்டுக் கடனுக்கு. இந்தக் கணக்கை மனைவியோடு உட்கார்ந்து போடுங்கள், அவர் சம்மதம் இல்லாமல் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். டிசையரை மட்டும் எக்காரணத்தைக் கொண்டும் விற்காதீர்கள். யூனிட்டுக்கு தினமும் போக அதுதான் நம்பகமான வண்டி. பிஎம்டபிள்யூ சென்னை ஒர்க்ஷாப்பில் பார்ட்ஸுக்காக இரண்டு வாரம் நின்றாலும் உங்கள் பிழைப்பு நிற்காது. வண்டிக்கான எஃப்டி கரைந்துவிட்டால் அது நிரம்பும்வரை அடுத்த பெரிய செலவைத் தள்ளிப்போட்டு டிசையரிலேயே போய் வாருங்கள்.

வாங்கிய அன்றே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதுங்கள். 14 நாளுக்குள் பாலிசி உங்கள் பெயருக்கு மாறாவிட்டால் உங்கள் வண்டிக்கு ஆகும் சேதத்துக்கு கிளெய்ம் நிற்காது. கிளெய்ம் வாங்காததற்காக டாக்டருக்குக் கிடைத்த பிரீமியம் தள்ளுபடி, அதாவது நோ கிளெய்ம் போனஸ், அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருக்கும். ஆர்டிஓவில் பெயர் மாற்ற 30 நாள் அவகாசம்.

டாக்டர் ஆறரைக்கு இறங்கவில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். ஐந்து லட்சத்தை வீட்டுக் கடனில் கட்டிவிட்டு, மூன்றை அவசர எஃப்டியில் சேர்த்து, இரண்டை வண்டி என்று பெயர் எழுதித் தனியாக வையுங்கள். ஒரு வருஷம் கழித்து இதே மாடலோ, செயின் பயம் குறைந்த பிந்தைய இன்ஜின் வந்த 2015 வண்டியோ பார்க்கும்போது எனக்கு எழுதுங்கள், அதன் சர்வீஸ் பில்களோடு.