நாலரை மணிக்கு நாயின் பாதம் வெந்தது எப்படி?

கேள்வி: டொக்டர், நாங்கள் திருகோணமலை டவுனில் இருக்கிறோம். எங்கள் லப்ரடோர் ரொமிக்கு மூன்று வயது. சனிக்கிழமை பின்னேரம் நாலரைக்கு உட்துறைமுக வீதிப் பக்கம் நடக்கக் கூட்டிக்கொண்டு போனேன். நல்ல காற்று. பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான், பிடிவாதம் என்று நினைத்து இழுத்துக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்ததும் நொண்டத் தொடங்கினான், பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறான். பின்காலில் ஒரு பாத மெத்தையின் தோல் உரிந்து சிவப்பாகத் தெரிகிறது. அம்மா மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பூசச் சொல்கிறார். நாயின் பாதம் செருப்புத் தோல் மாதிரி, சுடாது, றோட்டு நாய்கள் எல்லாம் நடக்கவில்லையா என்று மாமா கேட்கிறார். என்ன செய்வது? இனி நடக்கக் கூட்டிப்போகலாமா?

பதில்: தங்கச்சி, மாமாவுக்குப் பதில் பிறகு சொல்கிறேன், முதலில் ரொமியின் காலைப் பார்ப்போம்.

நீங்கள் எழுதியிருப்பது சூட்டுக்காயம்தான். எவ்வளவு ஆழம் என்று நேரில் பார்த்தால்தான் சொல்லலாம், ஆனால் சிவப்புத் தெரிகிற அளவுக்குத் தோல் உரிந்திருக்கிறது என்கிறீர்கள், அதனால் இதை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். இன்றைக்கு, தப்பினால் நாளைக் காலை, பக்கத்தில் உள்ள மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போங்கள், நடத்திக்கொண்டு போகாதீர்கள்.

அதுவரைக்கும், கொதித்தாறிய தண்ணீர் அரை லீற்றரில் ஒரு தேக்கரண்டிக்குக் கொஞ்சம் குறைவாக உப்புப் போட்டு, அந்தத் தண்ணீரால் பாதத்தை மெதுவாகக் கழுவுங்கள், விரல்களுக்கு இடையில் மணல் இருந்தால் அதுவும் போகட்டும். சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். மேலே கோஸ் துணி வைத்துத் தளர்வாகக் கட்டி, ஒரு பழைய கால்மேஸைப் போட்டுவிடலாம். கொப்புளம் இருந்தால் உடைக்காதீர்கள். தொங்கும் தோலை நீங்களாக வெட்டவும் வேண்டாம். நக்குவதை எப்படியாவது நிறுத்தியாக வேண்டும், புண் ஆறாமல் இழுத்துக்கொண்டு போவதற்குப் பாதிக் காரணம் அந்த நாக்குத்தான். கழுத்தில் போடும் புனல் கிடைத்தால் நல்லது.

அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், அவர் சொன்னது அக்கறையில்தான். ஆனால் வெந்த உடனே எண்ணெய் பூசினால் சூடு வெளியேறாது, இப்போது பூசினால் தூசியும் மணலும் அதில் ஒட்டும், ரொமி முழுவதையும் நக்கி எடுத்துவிடுவான். பற்பசையும் வேண்டாம். சூடுபட்ட உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான், குழாய்த் தண்ணீரைக் குறைந்தது பத்து நிமிடம் பாதத்தின் மேல் ஓடவிடுவது. அது இப்போது கடந்துபோய்விட்டது, அடுத்த முறைக்கு, அப்படி ஒன்று வராமல் இருக்கட்டும், நினைவில் வையுங்கள்.

இன்னொன்றை நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நொண்டுகிறானே என்று பனடோல் கொடுத்துவிடாதீர்கள். பரசிற்றமோல் அளவு தப்பினால் நாயின் ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும், இபுபுரோஃபன் அதைவிட மோசம், குடலில் புண் வரும், சிறுநீரகம் பழுதாகும். நாய்களுக்கென்றே வலி மருந்து இருக்கிறது, அதை வைத்தியர் நிறை பார்த்துத் தருவார்.

சரி, இனி மாமாவின் கேள்வி. நாயின் பாத மெத்தை தடிப்பானதுதான், ஆனால் செருப்புத் தோல் செத்த தோல், இது உயிருள்ள தோல், உள்ளே நரம்பும் இரத்தக் குழாயும் கொழுப்பும் இருக்கின்றன. றோட்டு நாய்களைப் பற்றி அவர் சொன்னதை நான் மறுக்கவில்லை, அதுகளின் பாதம் வீட்டுக்குள் தரை ஓட்டில் வளர்ந்த ரொமியின் பாதத்தைவிடக் காய்த்துப் போயிருக்கும். ஆனால் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு பஸ் நிலையப் பக்கம் போய்ப் பாருங்கள், அந்தக் கட்டாக்காலிகள் எங்கே கிடக்கின்றன? பஸ்ஸுக்கு அடியில், தேத்தண்ணீர்க் கடை வாங்குக்குக் கீழே, கடை வாசல் சீமெந்துத் திட்டில். கடந்தே ஆக வேண்டுமென்றால் தார் றோட்டை ஓடித்தான் கடக்கும். இடத்தையும் நேரத்தையும் அது தானே தெரிவு செய்கிறது. ரொமியின் கழுத்துப்பட்டியோ உங்கள் கையில் இருக்கிறது. வீதியில் ஒரு றோட்டு நாயும் தாரில் படுக்காத நேரத்தில் உங்கள் நாயையும் இறக்காதீர்கள், இதைவிட நல்ல வெப்பமானி நம் ஊரில் இல்லை.

காற்று நல்லாகத்தானே இருந்தது என்று உங்களுக்கு மனசு கேட்காது. நம் ஊரில் ஏமாறுவதே அந்தக் காற்றில்தான். பின்னேரம் கடற்காற்று உங்கள் முகத்திலும் கையிலும் படுகிறது, வியர்வை காய்கிறது, உடம்பு குளிர்கிறது. நாய்க்கு அப்படி வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்வைச் சுரப்பி உண்டு, உடம்பைக் குளிரவைக்க அது காணாது. நாக்கை நீட்டி இளைத்துத்தான் அது சூட்டை இறக்க வேண்டும், அந்த மூக்கும் வாயும் தரைக்கு ஒன்றிரண்டு அடி மேலேதான், அங்கே இருப்பது தாரில் இருந்து எழும்புகிற அனல். காற்றில் ஈரப்பதம் கூடினால் இளைப்பதால் கிடைக்கும் குளிர்ச்சியும் குறைந்துவிடும். ஒரே கயிற்றின் இரண்டு நுனியில் இரண்டு வேறு காலநிலை.

தரை பற்றிய கணக்கையும் சொல்கிறேன். காற்று 25 பாகை செல்சியஸில் இருக்கும்போதே வெயில் நேரே விழும் தார் 50 பாகையைத் தாண்டலாம், காற்று 31ஐத் தொட்டால் தார் 60ஐ எட்டும். 60 பாகையில் மனிதத் தோல் சில நொடிகளில் வெந்துவிடும். ஆனி, ஆடி, ஆவணியில் கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் இங்கே 35 பாகை என்பது புதினமே இல்லை. அதோடு தார் காலையிலிருந்து சூட்டைக் குடித்துக்கொண்டே இருக்கும், வெயில் தணிந்த பிறகும் உடனே விடாது. நாலரைக்கு வெயில் சாய்ந்துவிட்டது என்பது நம் கண்ணுக்கு, தார் அப்போதும் மத்தியானத்தில்தான் இருக்கிறது. சீமெந்துக் கல் பதித்த நடைபாதை தாரைவிடக் கொஞ்சம் பரவாயில்லை, அவ்வளவுதான். உலர்ந்த கடற்கரை மணலும் சுடும், கோயில் வீதியில் மத்தியானம் வெறுங்காலோடு குதித்துக் குதித்து ஓடியவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

அதனால் புறப்படும் முன் செருப்பைக் கழற்றிவிட்டுத் தாரில் நில்லுங்கள், அல்லது புறங்கையைத் தரையில் வைத்து ஏழு எண்ணுங்கள். ஏழுவரை வைத்திருக்க முடியாவிட்டால் அன்றைக்கு நடை இல்லை. இதை வீட்டு வாசல் நிழலில் செய்து பிரயோசனமில்லை, நடக்கப்போகிற வெயில் இடத்தில் செய்ய வேண்டும்.

எங்கே, எப்போது என்றால், உட்துறைமுக வீதி டவுனுக்கு மேற்குப் பக்கம், பின்னேரச் சூரியன் தண்ணீருக்கு மேலால் நேரே முகத்தில் அடிக்கும், நீங்கள் போனது அந்தப் பாதைக்கு மிக மோசமான நேரம். அதே பாதையில் காலை ஆறிலிருந்து ஏழு, ஏழேகால் வரை போங்கள், வெயில் கிழக்கே கட்டடங்களுக்கும் மரங்களுக்கும் பின்னால் இருக்கும், தாரும் இரவு முழுக்க ஆறியிருக்கும். டச்சு குடாப் பக்கம் இதற்கு மறுபக்கம், காலையில் கடலில் இருந்து வெயில் நேரே வரும், பின்னேரம் டவுனின் நிழல் கொஞ்சம் கிடைக்கும், ஆறு மணிக்குப் பிறகு அலை நனைத்த மணலில் நடத்தலாம். கடல் தண்ணீரைக் குடிக்கவிடாதீர்கள், வீட்டிலிருந்து ஒரு போத்தல் கொண்டுபோங்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பேத்தை மீனை வாயில் எடுத்தால் உயிருக்கே ஆபத்து, கண் அங்கேயும் இருக்கட்டும். கோட்டைப் பக்கம் போனால் கயிற்றைக் குட்டையாகப் பிடியுங்கள், அங்கே திரிகிற புள்ளிமானைக் கண்டால் லப்ரடோர் நிற்காது, துரத்துகிற நாய்க்குச் சூடும் தெரியாது, வாகனமும் தெரியாது. இரும்புச் சங்கிலி வெயிலில் தானே பழுத்துவிடும், நைலோன் கயிறும் மார்புப்பட்டியும் நல்லது.

பாதத்தைவிட எனக்குப் பயம் வெப்பத்தாக்கத்தில். பிரித்தானியாவில் கால்நடை வைத்தியப் பதிவுகளை வைத்து 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வில், காரணம் தெரிந்த சம்பவங்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று ஓட்டம், நடை போன்ற உடல் உழைப்பால் வந்தவை, பூட்டிய வாகனத்தால் வந்தவை மிகக் குறைவு. அந்தக் குளிர் நாட்டிலேயே அப்படி. நாயின் சாதாரண உடல் வெப்பம் 38 முதல் 39 பாகை வரை, 41ஐத் தாண்டினால் உள்ளுறுப்புகள் பழுதாகத் தொடங்கும். இளைப்பு அடங்கவில்லை, நாக்கு அகலமாகிக் கருஞ்சிவப்பாகிறது, எச்சில் நூலாக வடிகிறது, தள்ளாடுகிறது, வாந்தி எடுக்கிறது என்றால் நிழலுக்குக் கொண்டுபோய் உடனே உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள், குழாய்த் தண்ணீர் போதும், ஐஸ் தேடி ஓட வேண்டாம். விசிறுங்கள். மயங்கிய நாயின் வாய்க்குள் தண்ணீர் ஊற்றாதீர்கள். முதலில் குளிர வையுங்கள், பிறகு வாகனத்தில் ஏற்றுங்கள். ஒரு முறை மூக்குச் சப்பையான பக் நாய் ஒன்றை ஈரத்துவாயால் இறுக்கச் சுற்றி, கண்ணாடி மூடிய வானில் என்னிடம் கொண்டுவந்தார்கள். பாசத்தோடு செய்ததுதான், ஆனால் அந்தத் துவாய் சூட்டை உள்ளேயே அடைத்துவிட்டது. அந்த நாயை என்னால் காப்பாற்ற முடியவில்லை, அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

ரொமி போன்ற லப்ரடோருக்கு மயிர் இரட்டை அடுக்கு, பெரும்பாலும் நிறையும் கொஞ்சம் கூட, அதோடு நீங்கள் முன்னே நடந்தால் பின்னால் வந்துகொண்டே இருப்பான். அப்படிப்பட்டவன் உட்கார்ந்தது பிடிவாதம் இல்லை தங்கச்சி. இனி அவன் உட்கார்ந்தால், காலை மாற்றி மாற்றித் தூக்கினால், புல்லுப் பக்கம் இழுத்தால், அந்த இடத்திலேயே நின்று பாதத்தைப் பாருங்கள், நிழலுக்குப் போங்கள், ஓட்டோவைக் கூப்பிடுங்கள். உங்களைக் குறை சொல்லவில்லை, தெரியாமல் நடந்தது.

நாய்ச் சப்பாத்து வாங்கலாமா என்று யோசிப்பீர்கள். தார்ச் சூட்டை அது தடுக்கும், அனலையும் வெயிலையும் தடுக்காது. அதை மாட்டிக்கொண்டு மத்தியானம் நடக்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள்.

நடையை நிறுத்த வேண்டியதில்லை, இப்போதைக்கு மட்டும் முற்றத்துப் புல்லில் மூத்திரம் பெய்யக் கூட்டிப்போவதோடு நிறுத்துங்கள். மேலாகப் பட்ட காயம் என்றால் ஒரு கிழமை, பத்து நாளில் தோல் மூடிவிடும், ஆழமாக இருந்தால் இரண்டு மூன்று கிழமை ஆகும். மூடிய புதுத் தோல் மெல்லியது, முதல் நாட்களில் பத்து நிமிடம் காணும், அதுவும் காலையில். புண் மணத்தாலோ, சீழ் வந்தாலோ, கால் வீங்கினாலோ, சாப்பிடாமல் சுருண்டு கிடந்தாலோ குறித்த நாளுக்குக் காத்திருக்காமல் வைத்தியரிடம் திரும்பப் போங்கள். இன்றைக்கு இரவு மற்ற மூன்று பாதங்களையும் விளக்கு வெளிச்சத்தில் விரித்துப் பாருங்கள், நான்கும் அதே தாரில்தான் நடந்திருக்கின்றன, மிகவும் வலிக்கிற காலுக்காக மட்டுமே அவன் நொண்டுவான்.