டாக்ஸிஜென்னில் சி ஃபங்ஷன்கள் மட்டும் ஏன் வரவில்லை?

வணக்கம். நிரலில் உள்ள கமெண்டுகளிலிருந்து ஆவணப் பக்கங்களை உருவாக்கும் டாக்ஸிஜென்னை ஓட்டினால் ஸ்ட்ரக்ட்கள் எல்லாம் அந்தப் பக்கத்தில் வருகின்றன, ஃபங்ஷன்கள் ஒன்றுகூட வரவில்லை, கமெண்டுகளை நான்கு முறை சரிபார்த்துவிட்டேன் என்கிறீர்கள். கமெண்டில் தப்பே இருக்காது. இதே இடத்தில் நானும் ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன்.

ஸ்ட்ரக்டுக்கு அதன் கமெண்ட் மட்டும் போதும். எந்த ஸ்ட்ரக்டுக்குள்ளும் கிளாஸுக்குள்ளும் அடங்காத ஃபங்ஷன், மேக்ரோ, டைப்டெஃப், எனம் (enum) ஆகியவற்றுக்கு அவை இருக்கும் கோப்புக்கும் ஒரு கமெண்ட் வேண்டும். ஹெடர் கோப்பின் தலையில் இப்படி ஒரு வரி போடுங்கள்:

/** @ஃபைல் */

(கட்டளையை ஆங்கில எழுத்தில், எல்லாம் சின்ன எழுத்தாக அடியுங்கள்.) அவ்வளவுதான், அடுத்த ஓட்டத்திலேயே ஃபங்ஷன்கள் வந்து நிற்கும்.

டாக்ஸிஜென்னின் அமைப்புக் கோப்பில் ‘எக்ஸ்ட்ராக்ட் ஆல்’ அமைப்பை ‘யெஸ்’ ஆக்கச் சொல்லி யாராவது வருவார்கள். அதிலும் எல்லாம் வரும்தான், ஆனால் கமெண்டே இல்லாத ஃபங்ஷனும் வெறும் பெயரோடு வந்து உட்காரும். அதைவிட மோசம், கமெண்ட் விடுபட்டதைச் சொல்லும் எச்சரிக்கை தானாகவே அணைந்துவிடும். எதை எழுதவில்லை என்று காட்டும் ஒரே விளக்கை நாமே ஊதி அணைப்பானேன்?

ஸ்டாட்டிக் ஃபங்ஷன்களும் (தம் கோப்புக்குள் மட்டும் தெரிபவை) வேண்டுமென்றால் அதற்கு ‘எக்ஸ்ட்ராக்ட் ஸ்டாட்டிக்’ என்ற தனி அமைப்பை ‘யெஸ்’ ஆக்க வேண்டும். கோப்புகள் உள் ஃபோல்டர்களில் இருந்தால் ‘ரிகர்சிவ்’ அமைப்பையும் பாருங்கள், இயல்பில் அது ‘நோ’.

இதற்குப் பிறகும் வராவிட்டால், ஒரு ஹெடர் கோப்பையும் டாக்ஸிஜென் ஓடும்போது வரும் எச்சரிக்கைகளையும் அப்படியே இங்கே ஒட்டுங்கள்.