மகோகனி முதுகில் லக்கர் உள்ளிறங்கினால்

தம்பி, கிற்றாரின் மகோகனி முதுகில் அடித்த லக்கர் என்ற பளபளப்புப் பூச்சு இரண்டு கிழமையில் துளைதுளையாக உள்ளிறங்கிவிட்டது என்று கேட்டிருக்கிறீங்கள். மேலே இன்னும் அடித்தால் தீராது. லக்கரில் கலந்த தின்னர் ஆவியாகிப் பறக்கப் பறக்க லக்கர் சுருங்கும். மரத்துளைக்குள் அது தடிப்பாக நிற்பதால் அங்கேதான் பள்ளம் விழும். ஆகவே லக்கரைத் தேய்த்தெடுத்து, துளைகளை நிரப்பிவிட்டுத்தான் திரும்ப அடிக்கவேணும்.

180 சாண்ட் பேப்பரில் தொடங்கி 220 இல் முடித்து, கட்டை வைத்து, மரத்தின் வரி ஓடும் திசையிலேயே மரம்வரை தேயுங்கோ. முதுகுப் பலகை 3 மில்லிமீற்றர்கூட இராது, கவனம். துளைத் தூளைப் பிரஷ்ஷால் கிளறி எடுக்காவிட்டால் நிரப்பி பிடிக்காது. பிறகு நிரப்பியாக, மெதுவாக இறுகும் எப்பொக்சி (இரண்டைக் கலந்து பூசும் பிசின்) பூசுங்கோ. கலவை அளவு போத்தலில் உள்ளபடியே. பிழைத்தால் பிசுபிசுப்பாகவே கிடக்கும். பழைய வங்கி அட்டையைச் சரித்துப் பிடித்து, வரிக்குக் குறுக்கே இழுத்து, மிச்சத்தை வழித்தெடுங்கோ. ஒரு நாள் விட்டுத் தேய்த்து இரண்டாவது பூச்சு. மகோகனிக்கு ஒன்று பெரும்பாலும் போதாது. தேய்க்கையில் மரம் வெளிப்பட்ட இடம் நிறம் வெளிறித் தெரியும், அதில் மெல்லிதாக எப்பொக்சி துடைத்துவிட்டால் சரியாகும். கையுறை கட்டாயம் போடுங்கோ.

முகப்புப் பலகை ஸ்புரூஸ் மரம் என்றால் தொடவே வேண்டாம், நிரப்ப அதில் துளையில்லை. கார்த்திகை, மார்கழி மழைநாளில் லக்கர் அடிக்காதேங்கோ. ஈரக்காற்றில் வெள்ளை பூத்துவிடும்.