ஓவிய வகுப்பு மாணவருக்குச் சொந்தமாவது எப்படி? – கேள்வி பதில்

உயர்நிலைப் பள்ளி ஓவிய ஆசிரியர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பணி ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் அளித்த பதில்கள்.

கேள்வி: ஒன்பதாம் வகுப்பிலும் இரண்டு மலை, நடுவே சூரியன், ஒரு குடிசை என்றே வரைகிறார்கள். எப்படி மாற்றுவது?

பதில்: அவை அவர்கள் கண்டவை அல்ல, சிறு வயதிலேயே கை மனப்பாடம் செய்தவை. ஆகவே ‘இயற்கைக் காட்சி’ என்ற தலைப்பைச் சில காலம் ஒதுக்கிவிட்டு, வீட்டில் அன்றாடம் புழங்கும் பொருள் ஒன்றைக் கொண்டுவரச் செய்து, அதில் தேய்ந்த அல்லது நசுங்கிய இடத்தை மட்டும் தாள் முழுவதும் பெரிதாக வரையச் சொல்லுங்கள். என் வகுப்பில் “எனக்கு வராது சார்” என்றே சொல்லிவந்த மாணவன் ஒருவன், கொத்தனாரான தன் தந்தையின் கரணையைக் கொண்டுவந்தான். கட்டைவிரல் பட்டுப்பட்டு மரப்பிடியில் விழுந்திருந்த பள்ளத்தை மூன்று பாடவேளைகள் வரைந்தான். நிழல் சரியாக விழவில்லை என்று தானே இருமுறை அழித்தான். நான் திருத்த வேண்டியிருக்கவில்லை.

கேள்வி: எந்த ஓவியரை அறிமுகப்படுத்தலாம்?

பதில்: கே.சி.எஸ். பணிக்கரிலிருந்து தொடங்குவேன். 1966இல் சென்னைக்கு அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தை நிறுவியவர் என்பதைவிட, 1963இல் அவர் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ ஓவிய வரிசைக்கு ஒரு மாணவனின் கணக்கு நோட்டுப் பக்கமே தூண்டுதலாக இருந்தது என்பதுதான் பிள்ளைகளை நிமிர்ந்து உட்கார வைக்கும். பிறகு அவரவர் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். (அங்கே கிறுக்கியதற்காக நாம் திட்டியிருப்போம், அதை அன்று மறந்துவிடுவது நல்லது.)

கேள்வி: சொந்தத் துயரத்தை வரைந்தால் எப்படி மதிப்பெண் இடுவது?

பதில்: துயரத்துக்கு மதிப்பெண் கிடையாது. “உன் மனத்தில் உள்ளதை வரை” என்று வற்புறுத்துவதும் தவறு. பதினான்கு வயதுப் பிள்ளைக்கு மறைத்துக்கொள்ளும் உரிமை உண்டு. எத்தனை முறை உற்றுநோக்கினான், முதல் வரைவுக்கும் கடைசி வரைவுக்கும் இடையே எதை மாற்றினான் என்பதை மட்டுமே நான் பார்ப்பேன். அதற்காக எல்லா வரைவுகளையும் தேதியிட்டு வைத்திருக்கச் சொல்வேன். வரைந்தவன் விரும்பாவிட்டால் படத்தைச் சுவரில் மாட்டுவதில்லை.

கேள்வி: வண்ணம் வாங்கப் பணம் இல்லை.

பதில்: அடுப்புக்கரியும் பழைய செய்தித்தாளும் போதும். கை கழுவத் தண்ணீர் மட்டும் முன்னதாகவே எடுத்து வையுங்கள்.