பையன் முக்கோணம் போடுறான்னு பயப்படாதீங்க அக்கா

அக்கா, நேத்து போன்ல நீங்க அழுதது இன்னும் மனசுலயே நிக்குது. மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற புள்ள ராத்திரி பூரா லேப்டாப்ல முக்கோணம் முக்கோணமா போட்டுக்கினு இருக்கான், இது எதுக்கு ஆவும்னு கேட்டீங்க. ஆவும்க்கா. சிமுலேஷன்னா ஒரு பார்ட்டு தாங்குமா உடையுமான்னு கம்ப்யூட்டர்லயே பாக்குறது, அந்த வேலைக்கு முதல் படியே இந்த முக்கோண வலை தான், அத மெஷ்னு சொல்லுவாங்க.

காசிமேட்டுல தினம் பாக்குறீங்க இல்ல, எந்த மீனுக்கு வலைல எவ்ளோ பெரிய கண்ணு வேணும்னு பாத்து தானே எடுக்குறாங்க. இதுவும் அப்படி தான். ஓட்டை போட்ட ஒரு இரும்புத் தகட்ட இழுத்தா எங்க கிழியும்னு கம்ப்யூட்டர் கணக்கு போடணும்னா தகட்ட முக்கோணமா பிரிக்கணும், ஒரு முக்கோணம் கூட ஓட்டையோட விளிம்ப வெட்டிக்கினு உள்ள போகக்கூடாது, விளிம்புலயே வந்து உக்காரணும், ஓட்டை கிட்ட பொடிக்கண்ணு, தள்ளிப்போகப் போக பெரிய கண்ணு. அவன் எனக்கு அனுப்புன படத்துல ஓட்டைய சுத்தி எட்டே கோடு. அது வட்டமே இல்லக்கா, எட்டு மூலை. அப்படியே வச்சிக்கினு முக்கோணத்த மட்டும் பொடியாக்குனா மூலைல அழுத்தத்தோட நம்பர் ஏறிக்கினே போகும், நிக்கவே நிக்காது. வட்டத்து மேல புள்ளிய கூட்டணும்.

பெரிய தகட்டுல சின்ன வட்ட ஓட்டைன்னா விளிம்புல அழுத்தம், நாம இழுக்குற அழுத்தத்தப் போல 3 மடங்கு ஆவும்னு 1898லயே கிர்ஷ்னு ஒரு ஜெர்மன் இன்ஜினியர் கையாலயே கணக்கு போட்டு சொல்லிட்டாரு. இவன் மெஷ்ல அந்த 3 வருதான்னு பாக்கச் சொல்லுங்க, வரலன்னா ஏன் வரலன்னு நோட்ல எழுதச் சொல்லுங்க. இன்டர்வியூல நான் உக்காந்தா அந்த நோட்ட தான் முதல்ல கேப்பேன், ஏன்னா பட்டன அழுத்துனா மெஷ் யாருக்கும் வந்துரும், அது சரியா தப்பான்னு சொல்றவன் தான் வேலைல நிப்பான்.

கோர்ஸ் ஃபீஸுக்கு கம்மல அடகு வைக்காதீங்க, தயவு செஞ்சு. மெஷ் போடுற ஜிமெஷ், கணக்கு போடுற ஓப்பன்ஃபோம், ரெண்டு சாஃப்ட்வேருமே காசில்லாம கிடைக்குது, என்பிடெல்னு ஒரு வெப்சைட்ல ஐஐடி வாத்தியாருங்க பாடமே சும்மா பாக்கலாம். ஆனா மேத்ஸ் அரியர் ரெண்டு இருக்குன்னீங்களே, அத முதல்ல முடிக்கட்டும், இந்த வேலையோட உள்ள இருக்கறது பூரா கணக்கு தான். சேந்ததும் பெரிய சம்பளம் வரும்னு நான் சொல்ல மாட்டேன், முதல்ல கொஞ்ச நாள் அடுத்தவங்க வரைஞ்ச பார்ட்டுக்கு மெஷ் போடுற வேலையா தான் இருக்கும்.

ஞாயித்துக்கிழமை யாவாரம் முடிஞ்சதும் அவன அந்த ஓட்டைத் தகட்டு ஃபைலோட கூட்டிக்கினு வாங்க, நீங்களும் கூட உக்காந்து பாருங்க.