தெருவை 30 அடியாக அகலப்படுத்தக் கேட்கலாமா?

கேள்வி: எங்கள் குடியிருப்புத் தெரு 20 அடி அகலம். இரண்டு பக்கமும் கார்கள் நிற்பதால் எதிரே ஒரு வண்டி வந்தாலே சிக்கல்தான். புதிதாகத் தெரு போடப் போகிறார்கள், 30 அடியாக்கச் சொல்லி மனு கொடுக்கலாம் என்கிறார்கள் பாதிப் பேர். தீயணைப்பு வண்டி வர வேண்டுமே என்பது அவர்களுடைய கவலை. சின்னப் பிள்ளைகள் உள்ள எங்களுக்கோ வேகத்தை நினைத்தால் பயம். எது சரி?

பதில்: அகலப்படுத்தக் கேட்காதீர்கள். உங்கள் பயம் நியாயமானது, அவர்கள் கவலையும் நியாயமானதுதான். ஆனால் அந்தக் கவலைக்கு மருந்து வேறு இடத்தில் இருக்கிறது.

வண்டி ஓட்டுகிறவர் பெரும்பாலும் வேகப் பலகையைப் பார்த்து ஓட்டுவதில்லை. எதிரே தெரு எவ்வளவு விரிந்து கிடக்கிறதோ அதற்கேற்ப கால் தானாகவே அழுத்தும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் லாங்மான்ட் என்ற ஊரில் 1990களில் சுமார் 20,000 விபத்துப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். காயம் ஏற்படும் விபத்துகளோடு மிக நெருங்கிய தொடர்பு காட்டியவற்றில் தெருவின் அகலம் முன்னால் நின்றது, குறுகலான தெருக்களில் விபத்து குறைவு. ஓர் ஊரின் கணக்குதான் என்றாலும் அதன் காரணம் எல்லா ஊருக்கும் பொருந்தும்.

வேகம் கொஞ்சம் கூடினால் என்ன ஆகிவிடும் என்று யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள். மணிக்கு 30 கிலோமீட்டரில் வரும் கார், ஓட்டுநர் சுதாரிக்க ஒரு நொடி எடுத்துக்கொண்டாலும், காய்ந்த சாலையில் ஏறக்குறைய 13 மீட்டரில் நின்றுவிடும். 50 கிலோமீட்டரில் வரும் காருக்கு அந்த ஒரு நொடியிலேயே 14 மீட்டர் போய்விடும், அதாவது முதல் கார் நின்றுவிட்ட இடத்தில் இரண்டாவது கார் பிரேக் பிடிக்கக்கூட ஆரம்பித்திருக்காது, குறுக்கே ஓடிவந்த பிள்ளையை முழு வேகத்தில் மோதும்.

சரி, தீயணைப்பு வண்டிக்கு வருவோம். அதற்குத் தேவை தடையில்லாத வழி. பிரிட்டனின் தெரு வடிவமைப்புக் கையேடு (2007) தீயணைப்பு வண்டி நின்று வேலை செய்ய 3.7 மீட்டர், அதாவது சுமார் 12 அடி, போதும் என்கிறது; அமெரிக்காவின் முன்மாதிரித் தீயணைப்பு விதிகளோ 20 அடி கேட்கும். உங்கள் பகுதி விதி என்ன என்று தீயணைப்பு நிலையத்தில் முதலில் கேட்டுவிடுங்கள், அதை மீற முடியாது. இப்போது உங்கள் தெருவில் ஒரு காருக்கு ஆறரை அடி என்று இரண்டு பக்கமும் கழித்தால் மிஞ்சுவது 7 அடிதான், எந்தப் பெரிய வண்டியும் நுழையாது. ஒரே பக்கம் நிறுத்தினால் பதின்மூன்றரை அடி கிடைக்கும், இரண்டு கார்கள் மெதுவாக விலகிப் போகவும் அது போதும். அப்புறம், பெரிய வண்டி மாட்டிக்கொள்வது பெரும்பாலும் முனைத் திருப்பத்தில்தான், அதுவும் முனையை ஒட்டி யாரோ காரை நிறுத்தியிருப்பதால். முனையிலிருந்து 5 மீட்டருக்கு எதுவும் நிற்கக் கூடாது என்று ஆக்கினால் வண்டியும் திரும்பும், தெருவைக் கடக்கிறவர்களும் ஓட்டுநர் கண்ணில் படுவார்கள். தெரு முட்டுச்சந்தாக இருந்தால் கோடியில் வண்டி திரும்ப இடம் வேண்டும், அதைத் தனியாகக் கேளுங்கள்.

அகலத்தால் இன்னொரு வினையும் உண்டு: நெரிசல் நேரத்தில் பெரிய சாலையை விட்டு உங்கள் தெருவைக் குறுக்கு வழியாக்கிக்கொள்வார்கள். நகர வடிவமைப்பு ஆய்வாளர் டொனால்ட் ஆப்பிள்யார்டு அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மாதிரியான மூன்று தெருக்களை ஒப்பிட்டார். நாளுக்கு 2,000 வண்டிகள் போன தெருவில் இருந்தவர்களுக்கு, 16,000 வண்டிகள் போன தெருவில் இருந்தவர்களைவிட மூன்று மடங்கு நண்பர்கள் அதே தெருவில் இருந்தார்கள். பிள்ளைகள் வாசலில் விளையாடுவதும் வயதானவர்கள் வெளியே வந்து உட்காருவதும் இதோடு சேர்ந்தே போய்விடும்.

ஆகவே மனுவில் ஒரு பக்க பார்க்கிங், முனைகளைக் காலியாக வைப்பது, 30 கிலோமீட்டர் வேக வரம்பு ஆகியவற்றைக் கேளுங்கள். கூடுதலாக 10 அடி கிடைக்கிறது என்றால் நடைபாதைக்கும் மரத்துக்கும் கேளுங்கள். புதுத் தெரு போடும் முன்பே தற்காலிகமாகக் கோடு போட்டு, ஒரு பக்கம் மட்டும் கார் நிறுத்தி, தீயணைப்பு நிலையத்தாரை ஒரு முறை வண்டியோடு வந்து போகச் சொல்லுங்கள். 30 அடி கேட்கிறவர்களையும் அன்றைக்குக் கூடவே நிறுத்திவையுங்கள்.